கோவில்பதாகைக்கு வந்த ஹபானா

என் மாமனார் வருஷத்துக்கு ஒரே ஒரு சுருட்டுதான் பிடிப்பார். கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம், பிரியாணி சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். மற்ற நாட்களில் புகையிலைப் பக்கமே போக மாட்டார். அந்த நாட்களில் பொழுது போவதற்கு அவருக்கு என் கணவர் இருந்தார்.

வீடு கோவில்பதாகையில். மாடியில் ஐ.டி. வேலைக்குப் போகும் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. கீழே நாங்கள் மூன்று பேர். மாமனார் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைச் சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். என் கணவர் இளைய மகன், ஆவடியில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு கம்பெனியில், சரக்கு வெளியே போவதற்கு முன்னால் குறை பார்த்துப் பொறுக்கிப் போடுவது என் வேலை. விளக்கடியில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கீறலும் பிசிறும் ஓட்டையும் தேடுவேன். வீட்டுக்கு வந்தாலும் கண் அதையேதான் தேடும். எங்கள் வீட்டில் ரொம்பத் தேட வேண்டியதில்லை.

மாமனாருக்குச் சுருட்டைவிட அதன் இடுப்பில் சுற்றியிருக்கும் காகிதப் பட்டைதான் பெரிது. அவர் அதை லேபிள் என்பார். துறைமுகத்தில் இருந்த காலத்தில் வெளிநாட்டுக் கப்பல் அதிகாரிகள் கொடுத்த சுருட்டுகளின் பட்டைகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, டப்பாவைத் திறந்து இரண்டு பட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே கிரீடம், ஒரே சிவப்பு.

"இதுல எது ஒரிஜினல்? சொல்லு பாப்போம்."

நான் நன்றாக மினுங்கியதைக் காட்டினேன். மாமனார் அடுக்களையில் இருந்த மாமியாரையும் வாசலில் இருந்த என் கணவரையும் கூப்பிட்டு, எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதான் சிரித்தார்.

"பாத்தியா, மினுக்குனா போதும் இவங்களுக்கு!"

பிறகு விளக்கினார். கியூபாவில் அரசாங்கம் சுருட்டுக் கம்பெனிகளை எடுத்துக்கொண்டபோது, முதலாளிகள் பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு பக்கத்து நாடுகளுக்குப் போய்க் கடை விரித்துவிட்டார்களாம். அதனால் ஒரே பெயரில் இரண்டு சுருட்டு வரும். பட்டையும் அச்சு அசலாக அப்படியே இருக்கும். கியூபாவில் செய்ததில் மட்டும் ஹபானா என்று அந்த நாட்டுத் தலைநகரின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அது இல்லையென்றால் வேறு தீவு, வேறு இலை. பொன் எழுத்தைக் கட்டைவிரலால் தடவினால் மேடு தட்ட வேண்டும். கோந்து பட்டையின் நுனியில் மட்டும்தான் இருக்க வேண்டும், இலையில் படக் கூடாது. சுருட்டு கொஞ்ச தூரம் எரிந்ததும் சூட்டில் கோந்து இளகி, பட்டை தானாகவே கழன்று கையில் வரும்.

"பேரு ரெண்டுக்கும் ஒன்னுதான்மா. சரக்குதான் வேற" என்று சொல்லிவிட்டு என் கணவரைப் பார்த்தார். தன்னையும் தன் அண்ணனையும்தான் சொல்கிறார் என்று என் கணவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். செருப்பைக் கழற்றுவதுபோல முகத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு அது.

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, கழற்றிய பட்டையை அந்த வருஷம் யார் நல்ல பிள்ளையோ அவன் விரலில் மோதிரமாகப் போட்டுவிடுவாராம் மாமனார். இரண்டு பேரும் வலது கையை நீட்டிக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் நிற்க வேண்டும். என் கணவர் விரலுக்கு அந்த மோதிரம் ஒரு முறைகூட வந்ததில்லை. இதை அவரே என்னிடம் வேடிக்கைபோலச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் வளர்ந்து, மூத்தவர் வெளிநாட்டுக் கப்பல் வேலைக்குப் போன பிறகு, மாமனார் பட்டையை மூத்தவர் படத்தில் குத்தி வைக்க ஆரம்பித்தார். வெள்ளைச் சீருடையில் எடுத்த படம். மாதா படத்துக்குப் பக்கத்தில், மாமியார் படத்துக்கு ஒரு சாண் மேலே மாட்டியிருக்கிறது. அதன் மரச்சட்டத்தில் பட்டையை வைத்து ஒரு குண்டூசியைக் குத்துவார். அது அடுத்த கிறிஸ்துமஸ் வரை அங்கே இருக்கும். புதியது வந்ததும் பழையது டப்பாவுக்குப் போகும்.

மூத்தவரை என் கல்யாணத்தின்போது ஒரு முறை பார்த்திருக்கிறேன். நல்ல செண்ட் வாசனை. அதற்குப் பிறகு ஏதோ ஒரு துறைமுக ஊரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, கப்பலில் இல்லாத நாட்களில் அங்கேயே தங்கிக்கொண்டார். மாமியார் இறந்தபோது வரவில்லை. "கப்பல் நடுக்கடல்ல கீது, நீந்தியா வருவான்?" என்றார் மாமனார். ஆஸ்பத்திரியில் தரையில் படுத்துக் கிடந்தது, சாமியாரைப் பார்த்துப் பூசைக்குச் சொன்னது, பெட்டியின் தலைமாட்டைத் தோளில் தூக்கியது எல்லாம் என் கணவர். கல்லறையிலிருந்து வந்து குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றவரிடம் மாமனார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பெரியவனுக்கு போட்டோ அனுப்பிச்சியா?"

மூத்தவர் வருஷத்துக்கு ஒரு முறை, மாமனார் பிறந்த நாளுக்கு, ஃபோன் செய்வார். அந்த ஃபோனில் சுருட்டுப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கக் கூடாது. அது மாமனாரின் கட்டளை. கப்பலிலிருந்து கைமாறி வந்த சரக்கு, கஸ்டம்ஸ்காரன் காதில் விழுந்தால் பிள்ளையின் வேலை போய்விடும் என்று பயந்தார். துறைமுகத்தை விட்டு வந்து எவ்வளவோ காலம் ஆகியும் அந்தப் பயம் அவரை விடவில்லை. ஆகவே சுருட்டுக்கு நன்றிகூடச் சொன்னதில்லை. டிசம்பரில் ஒரு நாள் என் கணவர் துறைமுகத்துக்கு எதிரே பாரிஸ் கார்னர் பக்கம் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் வருவார். அண்ணனோடு வேலை செய்கிறவர் இறங்கினார், கொடுத்துவிட்டுப் போனார் என்று ஒரு பொட்டலத்தை நீட்டுவார். மாமனார் அதை முகர்ந்து பார்த்துவிட்டு என் கணவரிடம் சொல்வார்: "எங்கியோ கடல்ல கீறான், அப்பனை மறந்தானா? நீ ஊட்லயேதான் கீற. இன்னாத்துக்கு?"

இன்னாத்துக்கு என்றால், இதற்குத்தான். மாமனாருக்குக் காலில் சர்க்கரைப் புண். தினமும் காலையில் பட்டறைக்குக் கிளம்புவதற்கு முன்னால் என் கணவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்து, கழுவித் துடைத்து, மருந்து வைத்துக் கட்டுவார். வலித்தால் மாமனார் அதே காலால் அவர் நெஞ்சில் ஓர் உதை விடுவார். "மெதுவாடா, பட்டறைல இரும்பு ராவுறியா?" என் கணவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மறுபடி காலைத் தொடைமேல் எடுத்து வைத்துக்கொள்வார். எனக்கு அந்த நேரத்தில் அடுக்களையில் எதையாவது ஓங்கி வைக்காமல் இருக்க முடியாது. ஒரு மிக்ஸி ஜார் அப்படித்தான் உடைந்தது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால், குல்குல் பொரித்து ஆற வைத்துவிட்டு, டப்பாவை ஃபிரிட்ஜ் மேல் வைக்கப் போனேன். அங்கே சுருட்டுப் பொட்டலம் இருந்தது. மாமனார் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்ததால் என் கணவர் அதை அங்கே வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். நான் அதுவரை அந்தச் சுருட்டைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பிரித்து டியூப் லைட்டுக்குக் கீழே கொண்டுபோனேன். பட்டையில் கிரீடம் இருந்தது. ஹபானா என்ற பொடி எழுத்து இருந்தது. விரலால் தடவினால் பொன் எழுத்து மேடு தட்டியது. கூடவே, கிரீடத்துக்குப் பக்கத்தில் இரண்டு குண்டூசி ஓட்டைகள் இருந்தன. இரண்டையும் சுற்றித் துருவின் பழுப்பு வளையம்.

வாஷராக இருந்தால் தூக்கித் தொட்டியில் போட்டிருப்பேன். அந்தப் பட்டை கியூபாவில் பிறந்தது உண்மைதான். ஆனால் அது இப்போது எங்கள் கூடத்துச் சுவரிலிருந்து வந்திருக்கிறது. ஏற்கனவே இரண்டு வருஷம் மூத்தவர் படத்தில் தொங்கிய பட்டை அது. டப்பாவுக்குள் போய், அங்கிருந்து வெளியே வந்து, ஒரு சுருட்டைக் கட்டிக்கொண்டு மறுபடி வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறது.

நேராக வாசலுக்குப் போய் என் கணவரின் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். மழைக்கோட்டுக்கு அடியில் பூந்தமல்லியில் ஒரு பூசைச் சாமான் கடையின் பை. அதில் முனீஸ்வரனுக்குப் படைக்கிற தடித்த சுருட்டுகள் சிலதும், ஒரு பாக்கெட் கற்பூரமும், கோந்து டியூபும் இருந்தன. கழுத்தில் சிலுவைச் செயினோடு போய் வெறும் சுருட்டு மட்டும் கேட்கக் கூச்சப்பட்டுக் கற்பூரத்தையும் சேர்த்து வாங்கியிருக்கிறார் மனிதர். எனக்குச் சிரிப்பு வந்தது. பையை எடுத்துக்கொண்டு சீட்டை ஓங்கி மூடினேன்.

தலை துவட்டிக்கொண்டு வந்தவரைத் துணி எடுக்க வேண்டும் என்று சொல்லி மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பையைக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை.

"எவ்வளவு காலமா இது நடக்கு?"

"நம்ம கல்யாணத்துக்கு அடுத்த வருஷத்துலேர்ந்து அண்ணன் அனுப்பல. மெசேஜ் போட்டேன். பாத்துட்டு உட்டுட்டான். நைனா வாசல்லயே குந்திகினு, வந்துச்சாடா, வந்துச்சாடான்னு கேட்டுகினே இருந்தாரு. பாக்க முடியல."

"உங்க பேரைச் சொல்லியே வாங்கிக் குடுத்திருக்கலாம்லா?"

"என் பேர்ல குடுத்தா அது சுருட்டு. அண்ணன் பேர்ல குடுத்தா ஹபானா."

"புகழுறது உங்க அண்ணனை, ஏசுறது உங்களை. வாங்கிக் குடுக்கிறதும் நீங்க. இது என்ன பிழைப்பு?"

அவர் கொடியிலிருந்து ஒரு லுங்கியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மடித்து முடித்த பிறகுதான் பேசினார்.

"சுருட்டு இழுக்கறப்போ கண்ண மூடிகினு இருப்பாரே, அந்த மூஞ்சிய பாத்துகீறியா? அந்த மாரி ஒரு மூஞ்சிய அவர் என்கிட்ட எப்பவும் காட்டினதில்ல. அத்த வரவெக்கறது நான் வாங்கினு வந்த சுருட்டுதான? அவருக்கு தெரியாட்டி போவுது. எனக்கு தெரியும். அது போதும் எனக்கு. நீ ஒன்னியும் சொல்லிடாத."

சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஒரு மனிதன் தன் தகப்பனிடமிருந்து அவ்வளவு கொஞ்சம்தான் கேட்கிறான், அதுவும் திருட்டுத்தனமாக. அதைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று வெள்ளானூரிலிருந்து மாமனாரின் தங்கை வந்திருந்தார். என் கணவருக்கு அத்தை, வருஷா வருஷம் வருவார். பிரியாணி நன்றாக வந்திருந்தது. அதனால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து சுருட்டைப் பற்ற வைத்தார். சாம்பல் தட்டுவதற்கு என் கணவர் ஒரு எவர்சில்வர் மூடியை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். புகை கூடத்தில் கமறியது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். என் கணவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், பார்த்தாயா என்பதுபோல. அந்த ஒரு நிமிஷம் எனக்கே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"பெரியவன் பெரியவன்தான், அண்ணாத்தே" என்றார் அத்தை, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

மாமனார் கண்ணைத் திறந்தார். "அவனை பெத்ததோட நிறுத்தியிருக்கணும். சின்னவனை பெத்தப்பதான் அவ ஒடம்பு கெட்டுச்சி. அப்பறம் தேறவே இல்ல. அவளைத் தின்னுட்டு வந்து நின்னுகினு கீறான் பாரு, மூடி புட்ச்சிகினு."

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். என் கணவர் சிரித்தார். அதே சிரிப்பு. மூடி மட்டும் லேசாக ஆடியது. சாம்பல் தரையில் கொட்டியது. உடனே குனிந்து உள்ளங்கையால் வழிக்க ஆரம்பித்தார். அவர் குனிந்திருந்த அந்த முதுகைப் பார்த்ததும், நான் கொடுத்த சத்தியம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை.

"மாமா, பட்டையைக் கழட்டும்போது அதுல எத்தனை ஓட்டை இருக்குன்னு பாருங்க" என்றேன்.

என் கணவர் தரையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கெஞ்சுகிற பார்வை. மாமனார் அதிரவே இல்லை. நிதானமாக ஓர் இழுப்பு இழுத்தார். கட்டைவிரல் நகத்தால் பட்டையின் நுனியைக் கிளப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு" என்றார். "ரெண்டும் நான் குத்துனதுதான்."

அவரே தொடர்ந்தார். "இன்னாம்மா, பெருசா கண்டுபுட்ச்சிட்டியா? துறைமுகத்துல தல நரைச்சவன் நான். ஹபானாவுக்கும் முனீஸ்வரன் சுருட்டுக்கும் வித்தியாசம் தெரியாமதான் குந்திகினு கீறேனா? முத வருசமே தெரியும். லேபிளுக்கு போட்ற கோந்தை இலை மேல அப்பி வெச்சிருந்தான். கழட்டுறப்போ இலையே பிஞ்சிகினு வந்துச்சி. இவன் லட்சணம் அது."

"தெரிஞ்சேவா இத்தினி வருசமா..." என்றார் அத்தை.

"கேட்டா நின்னுடும் இல்ல?"

நான் விடவில்லை. "உங்க சின்ன மகன் வாங்கினதுன்னு தெரிஞ்சுதான கண்ணை மூடி ரசிச்சுப் பிடிச்சீங்க? அப்ப அவங்களைப் பாத்து ஒரு நல்ல வார்த்தை சொன்னா என்ன?"

மாமனார் என்னை ஒரு நல்ல கேள்வி கேட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பெரியவன் பேரைச் சொல்லிகினு வந்துச்சி, அதனால புட்ச்சேன். இவன் பேர்ல வந்திருந்தா தொட்டுகூட இருக்க மாட்டேன். கண்ண மூடிகினா பெரியவன் எதுர்ல நின்னு குடுத்தா மாரியே கீது. தொறந்தா இவன் மூஞ்சி. அதுக்குத்தான் கண்ண மூடிக்கிறதே."

சொல்லிவிட்டு எழுந்தார். நொண்டிக்கொண்டே போய்ப் பட்டையை மூத்தவர் படத்துச் சட்டத்தில் வைத்து மூன்றாவது ஓட்டையைக் குத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, சுருட்டு விரலைச் சுடும் வரை பிடித்தார். என் கணவர் கடைசி வரை மூடியை ஏந்திக்கொண்டு நின்றார். பிறகு அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அத்தை சாயங்காலக் காபிக்குக்கூட நிற்காமல் கிளம்பிப் போனார்.

அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது என் கணவர் வந்து பின்னால் நின்றார்.

"சொல்லாதன்னு சொன்னேனா இல்லியா?"

"அவர் சொன்னதைக் காதுல வாங்கினீங்களா, இல்லியா?"

"வாங்கினேன். நீ வாயைத் தொறக்காம இருந்தா அத்த நான் கேட்டே இருக்க மாட்டேன்."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை, இன்றைக்கும் வருத்தமில்லை. தப்பு செய்தவர் பிரம்பு நாற்காலியில் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். தண்டனை எனக்கு வந்தது. என் கணவர் மாமனாரிடம் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. மறுநாள் காலையிலும் வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தொடையில் தூக்கி வைத்துக்கொண்டார். என்னிடம்தான் பேச்சு குறைந்தது. சாம்பல் புதன் வந்து, தவக்காலம் முடிந்து, ஈஸ்டரும் போனது. உப்பு போதுமா, கேஸ் சொல்லணுமா என்பதற்குமேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. எப்போதாவது தனியாக உட்கார்ந்திருப்பார். என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த மூடிய கண்களைத்தான் நினைக்கிறார். அத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்த ஒரே சந்தோஷத்தை எடுத்து மறுபடி மறுபடி திருப்பிப் பார்க்கிறார்.

போன கிறிஸ்துமஸுக்கு அவர் பாரிஸ் கார்னருக்குப் போவதாகச் சொல்லவில்லை. பட்டறை விட்டதும் நேராகப் பூந்தமல்லிக்குப் போய், அதே கடையில், கற்பூரம் வாங்காமல், சுருட்டு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். எல்லாரும் பார்க்கக் கூடத்து மேஜையில் வைத்தார். பட்டை இல்லாத வெறும் சுருட்டு. இந்த மனிதனுக்குக் கடைசியில் ரோஷம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்கு இரண்டு மடங்கு முந்திரி போட்டுப் பிரியாணி செய்தேன்.

அத்தையும் வந்திருந்தார். மனசு கேட்காமல்தான் வந்திருப்பார். சாப்பாடு முடிந்தது. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தார். என் கணவர் சுருட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினார்.

"நைனா, நான் வாங்கினு வந்தேன்."

குரல் தடுமாறவில்லை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிற பையன்போலக் கணீரென்று சொன்னார். எத்தனை தரம் தனக்குள் சொல்லிப் பார்த்திருப்பாரோ! மாமனார் சுருட்டை வாங்கி, விரல்களுக்கு நடுவில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பட்டை இருக்க வேண்டிய இடத்தைத் தடவினார். பிறகு கை நீட்டி அதைப் பக்கத்திலிருந்த ஸ்டூலில், சாப்பிட்ட தட்டுக்கு அருகில் வைத்தார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்தபடியே கேட்டார்: "பெரியவன் இந்த வருசம் ஒன்னியும் அனுப்பலியா?"

கூடத்தில் இருந்த எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்துதான் கேட்டார். வாயோரத்தில் ஒரு சிரிப்புகூட இருந்தது. என் கணவர் அசையாமல் நின்றார். இப்போது சொல்லிவிடுவார், இவ்வளவு காலம் சொல்லாததையெல்லாம் சேர்த்து ஒரே வார்த்தையாகச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். நான் பிறந்து வளர்ந்த சபையில் மாதாவிடம் வேண்டிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. அன்றைக்கு நான் சுவரிலிருந்த மாதாவிடமும் வேண்டிக்கொண்டேன்.

என் கணவர் திரும்பி மூத்தவர் படத்திடம் போனார். சட்டத்திலிருந்து குண்டூசியைப் பிடுங்கி, பட்டையை எடுத்தார். ஸ்டூலுக்கு வந்து சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அதன் இடுப்பில் பட்டையைச் சுற்றினார். நுனி ஒட்டவில்லை. மாமனாரின் எச்சில் தட்டிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து, நசுக்கித் தடவி, இலையில் படாமல், பார்த்துப் பார்த்து ஒட்டினார். விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காயும் வரை பொறுத்தார். இதெல்லாம் எங்கள் கண்ணெதிரே, மாமனார் கண்ணெதிரே நடந்தது.

பிறகு நீட்டினார். "அண்ணன் அனுப்பிச்சது, நைனா."

மாமனார் வாங்கிக்கொண்டார். ஹபானா என்ற எழுத்து மேலே வரும்படி திருப்பிப் பார்த்தார். மூக்கில் வைத்து முகர்ந்தார். "நல்லா ஒட்ட கத்துகினான்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். என் கணவர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அந்த இரண்டு பேரையும் வெறுத்தேன். யாரை அதிகம் என்று கேட்டால் அன்றைக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

முகத்தைத் திருப்பாமலே என் பக்கம் கையை நீட்டினார் என் கணவர். "தீப்பெட்டி எடு."

நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே அடுக்களைக்குப் போய் எடுத்து வந்து, குனிந்து பற்ற வைத்தார்.